ஹம்தான் தெருவில் ஒரு கௌளி

ஷியாமளா அபுதாபியில் வந்து இறங்கியபோது அவளிடம் விலங்கியலில் முதல் வகுப்புப் பட்டம் இருந்தது. அந்தப் பட்டத்தால் அவளுக்கு அந்த ஊரில் ஆன உபயோகம், சமையலறைக் கரப்பான்பூச்சி எந்த இனத்தைச் சேர்ந்தது என்று தெரிந்ததுதான். விசாவில் மனைவி என்று எழுதியிருந்தது. மனைவியாக வந்தவள் வேலை பார்க்கக் கூடாது. கணவன் சேதுமாதவன் நில அளவைப் பிரிவில் இருந்தான். விடியும்போது ஜீப்பில் ஏறிப் பாலைவனத்துக்குள் போனால் பொழுது சாயும்போது முகமெல்லாம் மணலாகத் திரும்புவான், சாப்பிடுவான், பாதிப் பேச்சில் தூங்கிப்போவான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருக்கக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் அது. ஹம்தான் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தூசி உள்ளே வருகிறது என்று சேதுமாதவன் ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டான். ஏசி மட்டும் இரைந்துகொண்டே இருக்கும். திருச்சியில் பத்துப் பேர் இருந்த வீட்டில், வாயை மூடு என்று திட்டு வாங்கியே வளர்ந்தவள் ஷியாமளா. இங்கே வாயைத் திறக்க ஆளில்லாமல், அரிசி களையும்போது அரிசியோடு பேச ஆரம்பித்திருந்தாள்.

அந்த நிலையில்தான் எதிர்வீட்டு வெள்ளைக்காரி கதவைத் தட்டினாள். அவள் புருஷனுக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை. திடீரென்று வேறு தேசத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் கையில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி, அதற்குள் மரப்பட்டை, மரப்பட்டை மேல் ஒரு பல்லி. பல்லி என்றால் நம் வீட்டுச் சுவரில் வால் ஆட்டும் பல்லி இல்லை. முழங்கை நீளம், சாம்பல் நீல உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள், பூனைக்கண். பாங்காக்கிலிருந்து வந்ததாம். எடுத்துக்கொள்கிறாயா, இல்லாவிட்டால் குப்பைத்தொட்டிதான் என்றாள் வெள்ளைக்காரி. ஷியாமளா இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் சேதுமாதவன் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னது இது, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா? ஊர்ல இதைக் கண்டா தொடப்பத்தால விரட்டுவோம். இங்க அதுக்குக் கண்ணாடி மாளிகையா?"

"ஓரமா இருந்துட்டுப் போகட்டுங்க. பேச்சுத் துணைக்கு."

"பல்லி கூடப் பேசுவியா?"

"நீங்க பேசினா நான் ஏன் பல்லி கூடப் பேசப் போறேன்?"

அவன் முகத்து மணலைக் கழுவப் போனான். பெட்டி ஹாலில் தங்கியது.

ஷியாமளா அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்தாள். மூஞ்சி அப்படி இருந்தது. பெரியவருக்கு ஏசிக் குளிர் ஆகாது என்று பெட்டிக்கு மேல் ஒரு குண்டு பல்பு மாட்டினாள். சூடு மட்டும் வந்தால் போதும், வெளிச்சம் கண்ணைக் குத்தக் கூடாது என்று பல்புக்குச் சிவப்புச் சாயம் பூசினாள். ஒயரைத் திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோய் ஸ்விட்சை அங்கே வைத்தாள். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற குப்பியால் காலையும் மாலையும் மரப்பட்டை நனையத் தெளிப்பாள். பெரியவர் கிண்ணத்தில் குடிக்க மாட்டார், இலையில் நிற்கிற துளியைத்தான் நக்குவார். சாப்பாட்டுக்குக் கரப்பான்பூச்சி. முட்டைகூட வாங்காத வீட்டில் அவள் ராத்திரி சிங்க் அடியில் வெல்லம் தடவிய பாட்டில் வைத்துக் கரப்பான் பிடித்தாள். ஒருமுறை பெரியவர் அவள் கட்டைவிரலைக் கவ்வினார். உடும்புப் பிடிதான். தண்ணீருக்குள் கையை முக்கிய பிறகுதான் விட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. ஊரை விட்டு வந்தபிறகு தன்னை யாரோ அவ்வளவு இறுக்கிப் பிடித்தது அதுதான் முதல்முறை என்று தோன்றியது.

ஒன்று பத்தாயிற்று. ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு கும்பிடுபூச்சி, பழைய அண்டாவில் வெள்ளரித் தோல் தின்னும் மரவட்டைகள், சேதுமாதவன் முணுமுணுத்துக்கொண்டே பாலைவனத்திலிருந்து டிபன் கேரியரில் கொண்டுவந்த கருவண்டுகள். பகலெல்லாம் அவளுக்கு வேலை இருந்தது. வேலை இருந்ததே தவிர, மனிதர்கள் இல்லை.

மனிதர்களைக் கொண்டுவந்தது பெரியவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேதுமாதவனின் ஆபீஸ்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். மனைவி பெயர் ஜெயபாரதி. இந்த வருஷம் இவருக்குப் பிரமோஷன் வந்துடும்னு நினைக்கிறேன் என்று அவள் சொல்லி முடிக்கவும், ஷியாமளா வழக்கம்போலப் பெட்டியின் விளக்கை அணைக்கவும் சரியாக இருந்தது. விளக்கு அணைந்தால் பெரியவருக்குப் பொழுது சாய்ந்த கணக்கு. கக்கக்கக்க என்று செருமிவிட்டு, டொக்கே, டொக்கே என்று வீடே அதிரக் கத்தினார். ஜெயபாரதி ஒரு கணம் அரண்டாள். அடுத்த கணம் விரலால் மேசையைத் தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்றாள். அந்த மாதமே பிரமோஷன் வந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? அபுதாபியில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் ஹம்தான் தெருவில் ஒரு கௌளி இருக்கிறது, கேட்டதற்குச் சொல்கிறது என்று தெரிந்துபோயிற்று. ஊரில் சுவரெல்லாம் பல்லி. யார் என்ன பேசினாலும் ஒன்று உச்சுக்கொட்டி ஆமோதிக்கும். இங்கே அந்தக் கொடுப்பினை இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் நாலைந்து பெண்கள் தேங்காய் பர்பியோடு வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கௌளி எந்தத் திசையிலிருந்து சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறதே, அதற்காகச் சேதுமாதவனின் காம்பஸைக்கூட வாங்கித் திசை பார்த்தார்கள்.

"ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில விழுமாம். பார்த்துக்க," என்றான் சேதுமாதவன்.

விளக்கை அணைத்தால் கத்தும், அவ்வளவுதான் விஷயம் என்று ஷியாமளா முதல் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். வாயெடுத்தாள். அதற்குள் ஜெயபாரதி இன்னொரு டம்ளர் காபி கேட்டாள். அடுத்த வாரம் சந்திரகலாவையும் கூட்டிவரட்டுமா என்றாள். படித்தவள் வாயை மூடிக்கொண்டாள். யாராவது கண்ணை மூடிக் கைகூப்பிப் பாவப்பட்ட கேள்வியாகக் கேட்டால் திரைச்சீலைப் பக்கம் போய் விளக்கை அணைப்பாள். கேட்டவள் முகம் மலரும். யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்படி வந்தவர்களில் வசந்தகுமாரி மட்டும் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. தினமும் வந்தாள். மதுரைக்காரி, ஷியாமளாவைவிட ஐந்தாறு வயது சின்னவள். புருஷன் ரெங்கராஜ் ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. வந்தால் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிப்பாள், போகும்போது படியிலும் பேசிக்கொண்டே போவாள். கரப்பானைக் கண்டு அலறாத ஒரே பெண் அவள்தான். கிடுக்கியால் எடுத்துப் பெரியவருக்கு ஊட்டக்கூடச் செய்தாள். ஷியாமளா அரிசியோடு பேசுவதை விட்டே மாதக்கணக்காகியிருந்தது. அவளுக்கு அந்தப் பெண்மேல் உயிர்.

ஏழாம் மாதம் பிறந்ததும் மதுரையிலிருந்து வசந்தாவின் அம்மா ட்ரங்க் கால் போட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், உடனே புறப்பட்டு வா என்றாள். வசந்தாவுக்குக் கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் இருக்கிறது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். எட்டாம் மாதம் ஆகிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ரெங்கராஜ் உன் இஷ்டம் என்றான். ஆனால் ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்குமேல் தங்கினால் விசா போய்விடும்; பச்சைக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுத்து, அதற்குள் திரும்பி வருவது நடக்கிற காரியமில்லை. போனால் போனதுதான். வசந்தாவுக்கு அது தெரியும், ஷியாமளாவுக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வசந்தா தனியாக வந்தாள். வழக்கமான நாற்காலியில் உட்காரவில்லை. கால் வீக்கத்துக்கு இதமாக இருக்கட்டும் என்று கதவோரக் கம்பளத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் ஓடமாட்டேங்குது. அம்மா வா வாங்குது. இவரை விட்டுட்டுப் போகவும் மனசில்ல. பெரியவர் என்ன சொல்றாரோ அதுபடி செஞ்சுறலாம்னு வந்தேன்."

"பல்லி என்ன வசந்தா சொல்லும்? டாக்டரைக் கேளு."

"டாக்டரு ரெண்டும் சொல்றாரு. நீங்க சும்மா இருங்க, நான் கேக்குறேன்."

கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டாள். இங்கேயே பிள்ளை பெத்துக்கலாமா, சாமி என்று கேட்டாள்.

ஷியாமளா திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கை தானாகப் போயிற்று, விதி இழுத்தது என்றெல்லாம் இங்கே பூசி மெழுக வேண்டாம். அவள் யோசித்தாள். இந்தப் பெண் போய்விட்டால் நாளைக் காலை இந்த வீடு எப்படி இருக்கும் என்று யோசித்தாள். ஆஸ்பத்திரி இங்கேயும்தான் இருக்கிறது, புதுக் கட்டடம், புது மெஷின் என்று ஒரு சமாதானமும் தயாராக இருந்தது. யோசித்துத்தான் விளக்கை அணைத்தாள்.

பெரியவர் கத்தினார். வசந்தா கண்ணைத் திறந்து, சிரித்து, தரையை மூன்று தடவை தட்டினாள்.

அடுத்து வந்த வாரங்களைப் போல ஷியாமளாவின் வாழ்க்கையில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஹம்தான் தெரு மூன்றாம் மாடியிலேயே வசந்தாவுக்கு வளைகாப்பு நடந்தது. துபாய் தேரா கடைத்தெருவிலிருந்து கண்ணாடி வளையல் வரவழைத்தார்கள். குழந்தைக்குத் தொட்டில் கட்ட ஷியாமளா தன் பழைய பட்டுப்புடவையைத் துவைத்து மடித்து வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து பெயர் தேடினார்கள். பெண்ணாக இருந்தால் நீங்கதான்க்கா பேர் வைக்கணும் என்றாள் வசந்தா.

வலி நாள் கணக்குக்கு முன்னதாகவே வந்தது, வலிக்கு முன்னால் ரத்தம் வந்தது. சேதுமாதவனின் ஜீப்பில்தான் கொண்டுபோனார்கள். டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். ரத்த அழுத்தத்தில் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது, பெண் குழந்தை, உள்ளேயே இறந்துவிட்டது. ரத்தம் நிற்காததால் தாயைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று என்றார்கள். மதுரையில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று ஷியாமளா டாக்டரிடம் கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாதம்மா என்றார் அவர். அங்கேயும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் வாழ்நாளெல்லாம் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாள். ரெங்கராஜும் சேதுமாதவனும் ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஜீப்பில் போனார்கள், வெறுங்கையோடு வந்தார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்தபோது பெரியவர் கத்தினார். ஷியாமளா காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து விளக்கைப் போட்டாள். அதற்கப்புறம் அவள் அதை அணைக்கவே இல்லை. ராத்திரி பகலாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. இருட்டு எது, வெளிச்சம் எது என்று தெரியாமல் பெரியவர் சில நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், பிறகு மரப்பட்டைக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டார். கத்துவது நின்றுபோயிற்று. வேளாவேளைக்குக் கரப்பான் மட்டும் போட்டாள். கும்பிடுபூச்சி செத்தது, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் கலையும் என்று நினைத்தாள். அதுவும் நடக்கவில்லை. கௌளி தப்பு, இனிமேல் வரமாட்டோம் என்று ஒருத்தி சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கௌளி சரியாகத்தான் சொன்னது, கேட்டவளுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஷியாமளாவுக்கு அது தெரியவந்தது வசந்தாவின் வாயால்தான்.

ஒரு மாதத்துக்குமேல் ஆகியிருக்கும். வசந்தா படியேறி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். படியில் பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகக் கதவோரக் கம்பளத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் இங்கனதான உக்காந்திருந்தேன்?"

"ஆமா. ஏன்?"

"நாற்காலியில உக்காந்திருந்தா பெட்டி எனக்கு வடக்கு. இங்க உக்காந்ததால தென்மேற்கு. செவ்வாக்கிழமை தென்மேற்குல கவுளி சொன்னா துக்கமாம். ஜெயபாரதியக்கா பஞ்சாங்கத்தைப் பாத்துச் சொன்னாங்க." அழாமல்தான் சொன்னாள். "அது போயிருன்னுதான் சொல்லியிருக்கு. நான் இருக்கணும்ங்கிற ஆசையில பலனே பாக்கல. சாமி வாய்விட்டுச் சொல்லியும் எம் பிள்ளைய நானே கொன்னுட்டேன்."

இதுவரை ஷியாமளா பயந்ததெல்லாம் வசந்தா தன்னைக் குற்றம் சொல்வாளோ என்றுதான். இப்படி ஒன்று வரும் என்று நினைக்கவே இல்லை.

"வசந்தா, இங்க பாரு. அது ஒண்ணும் சொல்லல. அதுக்கு ஒண்ணும் தெரியாது. விளக்கை அணைச்சா ராத்திரின்னு நினைச்சுக் கத்தும். அன்னைக்கு அணைச்சது நான். நீ கண்ணை மூடியிருந்த, நான் இந்தத் திரைக்குப் பின்னாடி ஸ்விட்சை அணைச்சேன். நீ ஊருக்குப் போயிடக் கூடாதுன்னு அணைச்சேன். தப்பு என்னோடது. உன்மேல ஒரு துளி இல்ல."

வசந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி விழும், ஏச்சு விழும் என்று ஷியாமளா நின்றாள். விழட்டும் என்றுதான் இருந்தது. வசந்தாவின் முகம் மெல்ல இளகியது.

"எம்மேல இம்புட்டுப் பிரியமாக்கா உங்களுக்கு?"

"பிரியம் இல்லடி, நிஜம். சத்தியமாச் சொல்றேன். நீயே பாரு."

ஷியாமளா திரைச்சீலையை விலக்கி ஸ்விட்சைக் காட்டினாள். அணைத்தாள். ஹால் மங்கியது. இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். மரப்பட்டைக்கு அடியில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று தெரிந்தது, அசையவில்லை. விளக்கைப் போட்டாள், மறுபடி அணைத்தாள். கத்து, கத்தித் தொலை என்று கண்ணாடியைத் தட்டினாள். கிடுக்கியை விட்டு மரப்பட்டையைப் புரட்டினாள். பெரியவர் சோம்பலாக நாலு எட்டு நகர்ந்து இன்னொரு மூலையில் ஒட்டிக்கொண்டார். தன் கையாலேயே ராவும் பகலும் விளக்கைப் போட்டு வைத்து அதன் குரலை அடைத்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறவள் பேச்சாகவே அது இருந்தது. ஏசி இரைகிற சத்தம் தவிர ஹாலில் வேறு சத்தமே இல்லை.

வசந்தா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து ஸ்விட்சிலிருந்து எடுத்தாள்.

"போதும்க்கா. எனக்காக எம்புட்டுத்தான் பொய் சொல்வீங்க? படிச்சவங்க நீங்க, இப்படிச் செய்வீங்களா? என் பாவத்தை நீங்க எதுக்கு எடுத்துக்கிறீங்க? நானே சொமந்துக்கிறேன்."

உண்மையைச் சொல்லியாயிற்று, அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. வசந்தா அவளைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவளுக்கு ஆறுதல் சொன்னாள்.

ரெங்கராஜ் அந்த மாதக் கடைசியில் வசந்தாவை ஊருக்கு அனுப்பிவிட்டான். இனிமேல் அவள் அம்மாவோடு இருப்பதுதான் நல்லது என்றான். ஷியாமளா விமான நிலையத்துக்குப் போனாள். கடைசி முயற்சியாக, வசந்தா, நான் சொன்னது நிஜம் என்று இன்னொரு தடவை சொன்னாள். வசந்தா அவள் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள்.

"கூடப் பொறந்தவகூட எனக்கு இப்படிச் செய்ய மாட்டா. நீங்க நல்லா இருக்கணும்க்கா," என்றாள். நாலடி போனவள் திரும்பி வந்தாள். "எதையாச்சும் பெரியவர்கிட்ட கேக்குறதா இருந்தா, செவ்வாக்கிழமை மட்டும் கேக்காதீங்க. என்ன?"

ஷியாமளா சரி என்றாள்.